ஓவன் அறையில் டெக்சாஸ் நேரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். என்னோடு ஒரு வாரம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்டதையும் சேமித்து வைக்கிறவர்களைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க யாரும் என் பக்கம் வரமாட்டார்கள். அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் கான்ட்ராக்டில் நான்கு வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அந்த நான்கு வருடமும் இதே சண்டைதான்.

அங்கே மேசைக்கு மேசை இருந்தவை முழுக் கம்ப்யூட்டர்கள் அல்ல. தின் கிளையன்ட் என்பார்கள். டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, திரையின் முதுகில் திருகியிருக்கும். நிஜமான வேலையெல்லாம் வேறு அறையில் இருக்கும் சர்வரில் நடக்கும். இந்தப் பெட்டி அந்த சர்வரைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். உள்ளே கொஞ்சூண்டு சேமிப்பு இடம் உண்டு. அதில் யாரும் எதையும் எழுதிக் கெடுக்கக் கூடாது என்று ஃபில்டர் ஒன்றைப் போட்டு வைப்போம். அது இருக்கும்வரை பெட்டியில் என்ன மாற்றினாலும் மாறியது போலவே தெரியும். படம் மாற்றலாம், கோப்பு வைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். அணைத்துப் போட்டால் எல்லாம் போயே போச்சு. ஓட்டல் அறை மாதிரி. நீங்கள் எப்படிக் கலைத்துப் போட்டாலும் அடுத்து வருகிறவருக்கு அதே விரிப்பு, அதே தலையணை.

நிரந்தரமாக ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கிறது. முதலில் ஃபில்டரை எடுக்க வேண்டும், ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், மாற்ற வேண்டியதை மாற்ற வேண்டும், மறுபடி ஃபில்டரைப் போட வேண்டும், மறுபடி ரீஸ்டார்ட். இருபது நிமிஷ வேலை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "ஃபில்டரை எடுக்காம கை வச்சா கையை உடைப்பேன்" என்று தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்வேன். மற்றவர்களிடம் இதையே நாகரிகமான ஆங்கிலத்தில் சொல்வேன்.

பெட்டியில் எந்தத் தொல்லை என்று யார் வந்து நின்றாலும் என் பதில் ஒன்றுதான், ரீஸ்டார்ட் பண்ணுங்க. பத்தில் ஒன்பது தடவை சரியாகிவிடும். என் முதுகுக்குப் பின்னால் என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும், என் பெட்டிகள் ஓடின.

பக்கத்து ஊரான எடிசனில் என் அபார்ட்மெண்டுக்கு அடுத்த பிளாக்கில் ஒருத்தி குடியிருந்தாள். பாளையங்கோட்டைக்காரி, அதே ஆய்வகத்தில் அனலிஸ்ட். என்னைவிட ஆறு வயது சின்னவள். ஃப்ரீவேயில் வண்டி ஓட்டப் பயம். அதனால் மூன்று வருடமாகக் காலையும் மாலையும் என் காரில்தான் வருவாள். பதிலுக்குக் காலைக் காப்பி அவளுடையது. இரண்டு ஃபிளாஸ்க், எனக்குச் சர்க்கரை இல்லாமல். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறேன் என்று முதல் மாதம் ஆரம்பித்தாள், நான் போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சை அதோடு விட்டாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். கணவருக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. இரண்டு பெண்கள், இரண்டும் நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் ரகம்.

அவள் வேலையும் என் வேலையும் நேர் எதிர். அவர்களுக்கு எல்லாம் பேனாவில், நீல மசியில். எழுதியது தப்பென்றால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். "நீங்க ஒண்ணையும் வச்சுக்க விடமாட்டீங்க, நாங்க ஒண்ணையும் தொலைக்க விடமாட்டோம். ரெண்டு பேரும் ஒரே கார்ல போறோம் பாருங்கக்கா" என்று சிரிப்பாள். "உங்க ஆளுங்க கக்கூஸ் போனாக்கூட கையெழுத்துப் போடணும்" என்பேன் நான்.

அவள் செய்வது உலர்த்தும் வேலை. மாத்திரைப் பொடியைத் தட்டில் பரப்பி ஓவனுக்குள் வைத்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். உள்ளே வைத்த நேரம் நேராக சர்வரில் பதிவாகிவிடும். வெளியே எடுக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்திலிருக்கும் குட்டி பிரிண்டர் நேரம் போட்ட லேபிளைத் துப்பும். அந்த நேரத்தை பிரிண்டருக்குக் கொடுப்பது திரைக்குப் பின்னாலிருக்கும் என் பெட்டி. லேபிளை அவள் தாளில் ஒட்டி, பாதி லேபிளிலும் பாதி தாளிலும் படும்படி குறுக்கே கையெழுத்துப் போடுவாள். சமையலறையில் வைக்கும் டைமர் ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பாள். இரண்டு மணி ஆனால் அது கத்தும். அவள் ஓடுவாள்.

ஓவன் அறைப் பெட்டி ஒருநாள் செத்துப் போனது. எங்களிடம் உபரி இல்லை. டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், கம்பெனிக்கு இன்னொரு கிளை உண்டு. அங்கிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன, எல்லாம் போட்டுத் தயார் செய்தவை. ஒன்றைக் கொண்டுபோய் ஓவன் அறையில் மாட்டினேன், மற்றதை அலமாரியில் வைத்தேன். மாட்டியதும் பார்த்தால் பெட்டியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. டெக்சாஸ் நேரம் நியூஜெர்சி நேரத்துக்கு ஒரு மணி பின்னால் அல்லவா, அங்கே தயார் செய்தவன் அந்த ஊர் நேரத்தையே விட்டிருந்தான்.

அப்போது என் காதில் போன் இருந்தது. மறுமுனையில் என்னை வேலைக்கு அனுப்பியிருக்கும் கன்சல்டிங் கம்பெனியின் பெண். என் எச்-ஒன் வேலை விசாவை நீட்டிக்கிற எக்ஸ்டென்ஷன் பேப்பர் இன்னும் அனுப்பவில்லை என்று சாவகாசமாகச் சொன்னாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. போனில் அவளிடம் கத்திக்கொண்டே கையால் பெட்டியின் நேரத்தை நியூஜெர்சிக்கு மாற்றினேன். ஒரு லேபிள் அடித்துப் பார்த்தேன், நேரம் சரியாக வந்தது. வேலை முடிந்தது என்று குறித்துவிட்டு, கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

ஃபில்டரை எடுக்கவில்லை. யாரிடமெல்லாமோ கையை உடைப்பேன் என்று சொன்ன நான் எடுக்கவில்லை.

பத்து நாள் அந்தப் பெட்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவளிடமிருந்து போன். "அக்கா, பிரிண்டர் சிக்கிக்கிட்டு நிக்குது. என்ன செய்ய?"

நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "ரீஸ்டார்ட் பண்ணு."

செய்தாள். பிரிண்டர் வேலை செய்தது. "தேங்க்ஸ்க்கா" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து ஓவன் அறையில் மறுபடி டெக்சாஸ் நேரம் ஓட ஆரம்பித்தது. யார் கண்ணிலும் படவில்லை. திரையில் தெரிவது சர்வரின் கடிகாரம், அது சரியாகத்தான் இருக்கும். பெட்டியின் கடிகாரம் எட்டிப் பார்ப்பது லேபிளில் மட்டும், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில்.

இரண்டு வாரம் கழித்து மாதாந்திர அப்டேட் போட நானே போனேன். முறைப்படி ஃபில்டரை எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் நேரம் தப்பாக இருப்பது தெரிந்தது. நான் மாற்றினேனே என்று ஒரு நொடி யோசித்தேன், உடனே விளங்கிவிட்டது. "சனியனே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இந்தத் தடவை ஒழுங்காக மாற்றி, ஃபில்டரைப் போட்டுவிட்டு வந்தேன். லேபிள் ஞாபகமே வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் காரில் ஏறும்போது கையில் ஃபிளாஸ்க் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவை. என்ன, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையா என்றேன். ஃப்ரீவே ஏறின பிறகுதான் ஆரம்பித்தாள்.

"நேத்து மத்தியானம் குவாலிட்டி மேனேஜர் கூப்பிட்டாருக்கா, சாயங்காலம் உங்ககிட்ட சொல்ல வாய் வரல. ரெண்டு வாரத்து ஷீட்டை எல்லாம் மேசையில பரப்பி வச்சிருக்காரு. ரெண்டு மணி நேரம் வைக்க வேண்டியத நான் ஒரு மணி நேரத்துல எடுத்துட்டேனாம். எல்லாத்துலயும். ஒண்ணு விடாம."

"லூசா அந்த ஆளு?"

"லேபிள்ல அப்படித்தான் இருக்குக்கா. நானும் பாத்தேன். பத்து பத்துக்கு உள்ள வச்சது, பதினொண்ணு பத்துன்னு லேபிள். என் கையெழுத்து குறுக்க கிடக்கு. நான் ரெண்டு மணி நேரம் வச்சேன்க்கா. பைபிள் மேல கை வச்சுச் சொல்லுதேன். டைமர் அடிச்சாத்தானே எடுப்பேன்?"

ஒரு மணி நேரம். எல்லாத் தாளிலும் சரியாக ஒரு மணி நேரம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த எக்ஸிட் வருவதற்குள் முழுக்கத் தெரிந்துவிட்டது, எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எந்த நாள் வரைக்கும் என்பதுகூட.

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். விசாரணை முடியும்வரை ஓவன் அறைப் பக்கம் போகக் கூடாதாம். ஒரு மேசையில் உட்கார்ந்து பழைய விதிமுறைகளைப் படிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம். மருந்துக் கம்பெனியில் நேரத்தைப் பொய்யாகக் காட்டினாள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான், வேறு எந்த மருந்துக் கம்பெனியும் எடுக்காது. வேலை போனால் அறுபது நாள். அறுபது நாளுக்குள் இன்னொரு கம்பெனி விசாவுக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, நாலு பேரும் விமானம் ஏற வேண்டியதுதான்.

"அவுங்ககிட்ட இன்னும் சொல்லலக்கா" என்றாள். கணவரைத்தான் சொன்னாள். "எப்படிச் சொல்லன்னு தெரியல."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இரண்டு வரி போதும். அந்தப் பெட்டியின் நேரம் தப்பு, தப்பு என்னுடையது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இது: "அழாத. அந்த ஆளுக்கு மூளை இருக்கா? உன்னைப் போய்ச் சொல்றான் பாரு. விடு, பாத்துக்கலாம்." டேஷ்போர்டிலிருந்து டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தேன்.

என் எக்ஸ்டென்ஷன் அப்போதுதான் போயிருந்தது, பதில் வரவில்லை. ஆய்வகத்தில் ஒரு பதிவு கெட்டதற்கு நான் காரணம் என்று தெரிந்தால் கான்ட்ராக்ட் அன்றைக்கே முடியும். கான்ட்ராக்ட் முடிந்தால் என் கணக்கிலும் அதே அறுபது நாள் ஓட ஆரம்பிக்கும். என் மகன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. இதெல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் நான் இவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. பயந்தேன், அதுதான் நிஜம்.

அன்றைக்கு மதியம் குவாலிட்டி மேனேஜர் என் இடத்துக்கே வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற அமெரிக்கர். அந்த மனிதருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. அவளைக் காப்பாற்ற ஏதாவது கிடைக்குமா என்றுதான் தேடிக்கொண்டு வந்தார். ஓவன் அறைப் பெட்டியின் கடிகாரம் சரிதானா என்று கேட்டார். வாருங்கள், நேரில் பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சரியாக இருந்தது. போன மாதம் எப்படி இருந்தது என்று பார்க்கப் பெட்டியில் ஏதாவது பதிவு இருக்குமா என்று கேட்டார். இந்தப் பெட்டிகளில் எதுவும் தங்காது, ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும், அதற்காகத்தான் ஃபில்டர் போடுகிறோம் என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு, தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வேலையே இல்லாத பெட்டிகளை எல்லாம் போய்ப் பார்த்தேன். ஓவன் அறைக் குப்பைக் கூடையைக் கிளறினேன். பழைய லேபிள் ஒன்று கிடைத்துவிடாதா, அதை அந்த மனிதர் கண்ணில் படுகிற மாதிரிப் போட்டுவிடலாமே, அவரே கண்டுபிடித்தது போல் ஆகிவிடுமே என்று ஒரு கேவலமான யோசனை. கூடை தினமும் காலியாகும் கூடை. அதில் கையுறைகள்தான் இருந்தன. மாலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அந்த மேனேஜரைத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, இதை எழுதவே கூசுகிறது.

வீட்டுக்கு வந்து மகனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவன், "வாட் டிட் ஐ டூ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அடுப்பைத் தேய்த்தேன். சிங்க்கைத் தேய்த்தேன். தேய்த்த சிங்க்கை மறுபடி தேய்த்தேன்.

புதன்கிழமையும் அப்படியே போனது. அன்றைக்கு அவள் அதிகம் அழவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டு லீஸை நடுவில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும், பெரியவளை ஊரில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையை எந்த வகுப்பில் எடுப்பார்கள். "அக்கா, உங்க ஊர்ப் பக்கம் சென்னையில ஏதாவது நல்ல ஸ்கூல் தெரியுமா?" என்று என்னையே கேட்டாள். நான் இரண்டு பள்ளிகளின் பெயரைச் சொன்னேன். சொன்னேன், வாய் கூசாமல்.

வியாழக்கிழமை காலை ஏறும்போது ஃபிளாஸ்க் கொண்டு வந்திருந்தாள். முகம் கழுவித் தெளிந்த மாதிரி இருந்தது. "நேத்து வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன்க்கா" என்றாள். புதன் மாலைகளில் அவர்கள் சபையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள், எல்லாரும் சேர்ந்து அதற்காக ஜெபம் செய்வார்கள்.

"அங்க வச்சு அவுங்களுக்கும் சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும் சொல்லும்போதே அவுங்களும் கேட்டுட்டாங்கல்லா? என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மனசு லேசாயிட்டு."

"நல்லது" என்றேன்.

"உங்களுக்கும் ஒரு ஜெபக் குறிப்பு குடுத்தேன்க்கா. உங்க எக்ஸ்டென்ஷனுக்கு. என் காரியம் எப்படிப் போனாலும் அக்காவுக்கு நல்லபடியா முடியணும்னு எல்லாருமா முட்டி போட்டு ஜெபிச்சோம்."

காப்பியை வாயில் வைத்திருந்தேன். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தேன். பத்துப் பன்னிரண்டு குடும்பம், என் முகம்கூடத் தெரியாதவர்கள், யாரோ ஒருவர் வீட்டுக் கார்ப்பெட்டில் முட்டி போட்டு எனக்காக வேண்டியிருக்கிறார்கள். வேண்டச் சொன்னவள் இவள். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று எனக்குள்ளேயே சத்தமாகக் கேட்டது. கம்பெனி பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினேன். அவளிடம் முதலில் சொல்லியிருக்கலாம், தைரியம் வரவில்லை. அவள் இறங்கிப் போனதும் நான் என் இடத்துக்குப் போகவில்லை, நேராக அந்த மேனேஜரின் அறைக்குப் போனேன்.

நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து, இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றார். இல்லை, ஆதாரம் எதுவும் தங்காத மாதிரி அந்தப் பெட்டியை வைத்ததே நான்தான் என்றேன். அப்படியானால் உங்கள் சொல் மட்டும்தானா, தோழிக்காகச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் என்ன செய்வது என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

அலமாரியில் இருந்த இன்னொரு ரவுண்ட் ராக் பெட்டியைக் கொண்டு வந்தேன். அவர் மேசை மேலேயே பிரிண்டரோடு மாட்டினேன். அன்றைக்குச் செய்தது போலவே, ஃபில்டரை எடுக்காமல் நேரத்தை மாற்றி ஒரு லேபிள் அடித்தேன். நேரம் அவர் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது. பிறகு பெட்டியை ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டு பேரும் காத்திருந்தோம், அந்த மூன்று நிமிஷம் எனக்கு முப்பது நிமிஷம். மறுபடி லேபிள் அடித்தேன். சரியாக ஒரு மணி நேரம் குறைவு. இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் வெகு நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவருக்கு அது நிம்மதிப் பெருமூச்சு.

அப்புறம் ஒரு படிவத்தை எடுத்தார், நீல மசிப் பேனாவை நீட்டினார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். பெட்டி வந்தது, நான் மாற்றியது, அவளை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது, பிறகு சத்தமில்லாமல் சரிசெய்தது எல்லாம் எழுதினேன். லேபிள்களை ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இந்தத் தவறு பதிவுகளைப் பாதித்தது உங்களுக்கு எப்போது தெரியும்? பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்று என்று எழுதலாம். யாருக்குத் தெரியப் போகிறது, அது எந்தப் பெட்டியிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை என்று எழுதினேன்.

மூன்று மணிக்குள் என் கான்ட்ராக்ட் முடிந்தது. கன்சல்டிங் கம்பெனிப் பெண் போனில் இந்தத் தடவை சாவகாசமாகப் பேசவில்லை. உங்களை அனுப்ப வேறு கம்பெனி தேடுகிறோம், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். அவளிடம் கத்த எனக்குத் திராணி இல்லை. பேட்ஜைக் கொடுத்துவிட்டு, நான்கு வருடச் சாமானை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து ஐந்து மணி வரைக்கும் அவளுக்காகக் காத்திருந்தேன். போயிருக்கலாம். போனால் அவள் எப்படி வீட்டுக்கு வருவாள்?

என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்காக வேலையை விட்டீங்களேக்கா என்பாள், நான் அவளைச் செல்லமாகத் திட்டுவேன், எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த இரண்டு மணி நேரத்தில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். பின் சீட்டில் இருந்த அட்டைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை மறுபடி ஓவன் அறைக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றாள்.

"சந்தோஷம்டி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஃப்ரீவே ஏறி, வழக்கமான நெரிசலில் மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். எங்கள் எக்ஸிட் வந்தது, இறங்கினோம், அவள் பிளாக்கின் முன்னால் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்க பேப்பர் என் ஃபைல்ல சேருதுல்லா, நானும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்னு குடுத்தாங்க. படிச்சேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"கார்ல வச்சா?"

"ஆமா. நீ சொல்லிட்டிருக்கும்போதே."

"நான் அழுதேன். நீங்க டிஷ்யூ எடுத்துக் குடுத்தீங்க."

நான் என்ஜினை அணைத்தேன்.

"ஸ்கூல் பேரு கேட்டேன். ரெண்டு ஸ்கூல் சொன்னீங்க. நேத்து ராத்திரி அவுங்க போன் போட்டு அட்மிஷன் விசாரிச்சாங்க. சின்னவ கேட்டுட்டு ஃப்ரெண்ட்ஸை எல்லாம் விட்டுப் போகணுமான்னு அழுதா."

"பயமா இருந்துச்சு" என்றேன். அதைத் தவிர என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சுக்கா" என்றாள். "நான் உங்ககிட்டதான் சொன்னேன்."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை ஓங்கி அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், நாளைக்கோ நாளை மறுநாளோ சமாதானம் ஆகியிருப்போம். அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள், சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.